அழித்தலும் ஒப்படைத்தலும்: மெய்நிகர் இயந்திரங்களில் வட்டிடம் மீட்ட வரலாறு

மைசூருக்குத் தெற்கே சுமார் 23 கி.மீ. தொலைவில், கபினி ஆற்றங்கரையில் அமைந்தது நஞ்சன்கூடு. பலருக்கும் அது ஸ்ரீகண்டேசுவரர் கோயிலால் அறிமுகமான ஊர். பழைய ஆவணங்களைப் பயில்வோர்க்கு வேறொரு வகையிலும் அறிமுகமானது. பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் 1894-இல் வெளியிட்ட ‘எபிகிராபியா கர்நாடிகா’ மூன்றாம் தொகுதியில் நஞ்சன்கூடு வட்டத்துக் கல்வெட்டுகள் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் பல, நிலக்கொடைகளைக் கூறுவன. அதே வட்டத்தின் நிலவுரிமை, 20ஆம் நூற்றாண்டில் கிராமக் கணக்கர் கையால் எழுதிய ‘பஹணி’ என்னும் தாளேட்டில் இருந்தது. 2000ஆம் ஆண்டையொட்டிக் கர்நாடக அரசு ‘பூமி’ திட்டத்தைத் தொடங்கி, மாநிலத்தின் எல்லா வட்டங்களிலும் சுமார் 67 லட்சம் நிலவுடைமையாளர்களின் ஏறக்குறைய 2 கோடிப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றியது. நஞ்சன்கூட்டின் பஹணிகளும் அவ்வாறே தாளிலிருந்து வட்டுக்குச் சென்றன.

இந்த மாற்றத்தில் கவனிக்கத்தக்கது அதன் வரிசைமுறை. முதலில் பதிவுகள் கணினியில் உள்ளிடப்பட்டன. பிறகு அவை சரிபார்க்கப்பட்டன. அதன்பின்னரே அந்தந்த வட்டத்தில் கையெழுத்துப் பஹணி இனிச் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. செல்லாது என்று அறிவித்தவுடன் பழைய ஏடுகள் அலமாரியை விட்டு மறைந்துவிடவில்லை. ஓர் ஆவணம் செல்லாததாவது ஒரு செயல், அது அடைத்துக்கொண்டிருந்த இடம் வேறு பயனுக்கு வருவது இன்னொரு செயல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியவர்கள் எங்கும் இடர்ப்பட்டிருக்கிறார்கள். கணினியின் வட்டில் இவ்விரு செயல்களுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது, மென்பொருட் சோதனைக்குப் பயன்படும் மெய்நிகர் இயந்திரங்களின் வரலாறு.

மெய்நிகர் இயந்திரம் என்பது மென்பொருளால் ஆன கணினி. ஒரு மெய்யான கணினி தன்னுள் பல கணினிகள் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். அவை ஒவ்வொன்றிலும் தனித்தனி இயங்குதளம் ஓடும். உள்ளே ஓடும் இயங்குதளம் தனக்கென ஒரு வட்டு இருப்பதாகவே கருதும். வெளியிலிருந்து பார்த்தால் அந்த வட்டு, தாங்கும் கணினியில் உள்ள ஒரு பெரிய கோப்பு மட்டுமே.

மென்பொருளைச் சோதிப்போர்க்கு இதன் தேவை எத்தகையது என்பதை நம் மொழிகளின் கணினி வரலாறே காட்டும். 1990களில் எழுதப்பட்ட தமிழ்க் கோப்புகள் ஒரே குறியேற்றத்தில் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்கு ஏற்ற குறியேற்றத்தை வைத்திருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டையொட்டி டாம், டாப் ஆகிய குறியேற்றங்கள் வரையறுக்கப்பட்டன. இணையத்தில் இயங்கியோரிடையே திஸ்கி வழக்கில் இருந்தது. விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவுடன் ஒருங்குறித் தமிழைக் கொண்டுவந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், மாற்றாக டேஸ்-16 குறியேற்றத்தையும் ஏற்றது. கன்னடத்திலும் பரஹ, நுடி ஆகிய மென்பொருள்களின் வழியாக இதையொத்த வரலாறு உண்டு. பழைய குறியேற்றத்தை ஒருங்குறிக்கு மாற்றும் ஒரு சிறு மென்பொருளை எழுதுபவர், அது விண்டோஸ் 98, 2000, எக்ஸ்பி, 7, 10, லினக்ஸ் ஆகிய அனைத்திலும் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு கணினிகளை வாங்கி வைக்க இயலாதவர்க்கு ஆறு மெய்நிகர் இயந்திரங்கள் கைகொடுக்கின்றன. ஆனால் ஆறும் ஒரே வட்டில் இடம் கேட்கின்றன.

மெய்நிகர் இயந்திரத்தின் பிறப்பிடம் ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த அம்மையத்தில் ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ ஆகியோர் உருவாக்கிய சிபி-40 என்னும் அமைப்பு 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. சிறப்பு வன்பொருள் சேர்த்து மாற்றியமைக்கப்பட்ட சிஸ்டம்/360 மாதிரி 40 இயந்திரம் ஒன்றின்மீது 14 மெய்நிகர் இயந்திரங்கள் வரை அதில் ஓடின. அதைத் தொடர்ந்து சிபி-67 வந்தது. 1972 ஆகஸ்டில் விஎம்/370 அறிவிக்கப்பட்டது.

சோதனை என்பது இவ்வமைப்புகளுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த பயன் அன்று. மெய்நிகர் நினைவக வசதி கொண்ட சிஸ்டம்/370 வன்பொருள் வெளிவரும் முன்பே, அதற்கான இயங்குதளங்களை எழுதிச் சோதிக்க ஐபிஎம் நிறுவனம் சிபி-67 அமைப்பை மாற்றியமைத்து, இல்லாத இயந்திரம் இருப்பதுபோல் காட்டியது. இன்னும் பிறவாத இயந்திரத்துக்கான மென்பொருள், மெய்நிகர் இயந்திரத்தில் முன்கூட்டியே ஓடிப் பார்க்கப்பட்டது.

அக்காலத்து வட்டு மிகச் சிறியது. விலை மிகப் பெரியது. சிபி-40 காலத்தைச் சேர்ந்த 2311 வகை வட்டுத்தொகுதி ஒன்றின் கொள்ளளவு சுமார் 7 மெகாபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் இரண்டு மூன்று ஒளிப்படங்களுக்கே அது போதாது. சென்னை ஐ.ஐ.டி. 1973-இல் ஜெர்மானிய உதவியுடன் ஐபிஎம் 370/155 இயந்திரத்தைப் பெற்றபோது, அது இந்தியாவின் பெருங்கணினிகளுள் ஒன்றாகப் போற்றப்பட்டது. அத்தலைமுறையின் பெரிய வட்டுத்தொகுதிகள்கூட 100 மெகாபைட் அளவினவே. இத்தகைய வட்டை வைத்துக்கொண்டு கேம்பிரிட்ஜ் மையத்தினர் கையாண்ட வழி நேரானது. மெய்யான வட்டின் உருளைகளை வரிசையாகப் பிரித்து, ஒவ்வொரு பயனருக்கும் ஒரு ‘மினிடிஸ்க்’ என அளந்து கொடுத்தனர். பயனர் அதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்த இடம் அவருக்கே உரியது. எனவே இடத்தை மீட்கும் சிக்கலே எழவில்லை. யாருக்கு எவ்வளவு என்பது ஒரு பட்டியலில் எழுதப்பட்டிருந்தது.

சோதனைக்கென்று தற்காலிகமாக இடம் வேண்டுவோர்க்கு ‘டி-டிஸ்க்’ என்னும் தற்காலிக மினிடிஸ்க் விஎம்/370 மரபில் இருந்தது. பயனர் கேட்கும்போது பொது இருப்பிலிருந்து சில உருளைகள் கொடுக்கப்படும். அவர் அமர்வை முடித்து வெளியேறியதும் அவை பொது இருப்புக்குத் திரும்பும். இடத்தைத் திருப்பித் தரும் கடமை இங்கே அமைப்பினுடையது. பயனர் மறந்தாலும் இடம் திரும்பிவிடும். ஆனால் ஒரு குறை இருந்தது. இடம் திரும்பியதே தவிர, அதில் எழுதப்பட்டவை தாமாக மறையவில்லை. அடுத்து அதே உருளைகளைப் பெறுபவர் முந்தையவரின் எச்சங்களைப் படிக்க இயலும். அதனால் டி-டிஸ்க்கைத் துடைத்துக் கொடுப்பதற்கென்றே பிற்காலத்தில் தனியான ஓர் அமைவு ஏற்பட்டது. அழிக்காமலே ஒப்படைத்தல் என்பது முதல் தலைமுறையின் சிக்கல். அடுத்த தலைமுறையில் அது தலைகீழாகி, அழித்தும் ஒப்படைக்காமை என்னும் வடிவை எடுத்தது.

அதற்குக் காரணம், வட்டை அளந்து கொடுக்கும் முறை மாறி, வாக்குறுதியாகக் கொடுக்கும் முறை வந்ததாகும். 40 ஜிகாபைட் வட்டு என்று உள்ளே காட்டிவிட்டு, எழுத எழுத மட்டும் மெய்யான இடத்தைக் கொடுப்பது இம்முறை. ‘மெல்லிய ஒதுக்கீடு’ எனப்படும் இதன் முன்னோடிகளுள் ஒன்று, ஸ்டோரேஜ்டெக் நிறுவனம் 1990களின் நடுவில் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ஐஸ்பெர்க்’ என்னும் வட்டமைப்பு. பெருங்கணினிக்கு அது வழக்கமான வட்டுகளைப் போலவே காட்சியளிக்கும். உள்ளே எழுதப்பட்டவற்றுக்கு மட்டும் இடம் கொடுக்கும். அதை வடிவமைத்தவர்கள் ஒரு சிக்கலைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டனர். பெருங்கணினியில் ஒருவர் கோப்பை அழித்தால், அச்செய்தி வட்டமைப்பை எட்டுவதில்லை. ஆகவே அழிக்கப்பட்ட கோப்புகளின் இடத்தை வட்டமைப்புக்குத் தெரிவித்து மீட்பதற்கெனத் தனியான ஒரு மென்பொருளையும் உடன் கொடுத்தனர். வாக்குறுதியாக இடம் கொடுப்பவர், திரும்பப் பெறும் வழியையும் சேர்த்தே அமைக்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. அந்த அறிவு பெருங்கணினி உலகத்தோடு நின்றுவிட்டது.

1998-இல் தயன் கிரீன், மெண்டல் ரோசன்பிளம் உள்ளிட்ட ஐவர் விஎம்வேர் நிறுவனத்தைத் தொடங்கினர். 1999-இல் அவர்களுடைய ‘வொர்க்ஸ்டேஷன்’ சாதாரண மேசைக் கணினியில் மெய்நிகர் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியது. கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் ‘வர்ச்சுவல் பிசி’ 2003-இல் மைக்ரோசாப்டின் கைக்கு வந்தது. கியூஇமு, வர்ச்சுவல்பாக்ஸ் ஆகியவை தொடர்ந்தன. இவை அனைத்திலும் தேவைக்கேற்ப வளரும் வட்டுக்கோப்பு இருந்தது. வளரும், தானாகச் சுருங்காது.

ஏன் சுருங்காது என்பதற்கு விடை, இயங்குதளம் கோப்பை எவ்வாறு அழிக்கிறது என்பதில் உள்ளது. பழைய ஃபேட் கோப்புமுறையில் ஒரு கோப்பை அழித்தால், அதன் பெயரின் முதல் எழுத்து ஒரு குறியால் மாற்றப்படும். அது இருந்த கட்டங்கள் காலி என்று அட்டவணையில் குறிக்கப்படும். கோப்பின் உள்ளடக்கம் அப்படியே கிடக்கும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ட்4 முதலிய பிற்காலக் கோப்புமுறைகளின் நுட்பம் வேறு, நெறி ஒன்றே. இயங்குதளத்தைப் பொறுத்தவரை இது போதுமானது; தன் வட்டில் எது காலி என்று அதற்குத் தெரியும். ஆனால் தாங்கும் கணினி அந்த அட்டவணையைப் படிப்பதில்லை. வட்டுக்கோப்பின் 1,000-வது கட்டத்தில் ஒருமுறை எழுதப்பட்டது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அழித்தல் என்பதும் அதன் கண்ணுக்கு இன்னுமோர் எழுதுதலே. 10 ஜிகாபைட் சோதனைத் தரவை உள்ளே ஏற்றி, அழித்து, மீண்டும் வேறு 10 ஜிகாபைட்டை ஏற்றினால், இயங்குதளம் புதிய கட்டங்களைத் தேடி எழுதக்கூடும். வட்டுக்கோப்பு 20 ஜிகாபைட் வளர்ந்திருக்கும். உள்ளே பார்த்தால் பாதி காலி. வெளியே பார்த்தால் முழுவதும் நிறைவு.

இந்த இடைவெளியை நிரப்பப் பயனர்கள் கண்ட முதல் வழி, சுழியம் எழுதுதல். உள்ளே இருக்கும் காலியிடம் முழுவதையும் சுழியத்தால் நிரப்பினால், சுழியம் மட்டுமே உள்ள கட்டங்களைத் தேடி நீக்கும் வேலையைத் தாங்கும் கணினியில் ஒரு கருவி செய்துவிடும். விண்டோஸில் இதற்கு சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பின் ‘எஸ்டெலீட்’ கருவி பயன்பட்டது. லினக்ஸில் சுழியத்தால் ஆன ஒரு மாபெரும் கோப்பை எழுதி, இடம் தீர்ந்ததும் அதை அழித்துவிடுவது வழக்கமானது. மைக்ரோசாப்டின் வர்ச்சுவல் சர்வர் 2005 இதற்கென்று ஒரு முன்சுருக்கக் கருவியையே கொடுத்தது. விஎம்வேரின் கருவித்தொகுப்பிலும் சுருக்கும் வசதி இடம்பெற்றது.

இவ்வழியில் ஒரு முரண் உண்டு. வட்டிடத்தை மீட்க விரும்புபவர் பெரும்பாலும் வட்டு நிறைந்துபோன நிலையில் இருப்பவர். சுழியம் எழுதும்போதோ, வட்டுக்கோப்பு சுருங்குவதற்கு முன் தன் முழு அளவுக்கும் வளரக்கூடும். 15 ஜிகாபைட் அளவுள்ள வட்டுக்கோப்பு, வாக்களிக்கப்பட்ட 40 ஜிகாபைட்டை எட்டிய பின்னரே சுருக்கத்துக்கு ஆயத்தமாகும். தாங்கும் கணினியில் மீதம் 10 ஜிகாபைட் மட்டுமே இருந்தால், இடம் மீட்கும் முயற்சியே இடத்தைத் தீர்த்துவிடும். அந்நிலையில் அந்த ஓர் இயந்திரம் மட்டும் நிற்பதில்லை. அதே வட்டில் இருந்து இடம் எதிர்பார்க்கும் எல்லா மெய்நிகர் இயந்திரங்களும் அடுத்த எழுத்தை எழுத இயலாமல் நின்றுவிடும். சுருக்கிய கோப்பைப் புதிதாகப் படியெடுக்கும் கருவிகளுக்கும் அப்படியை வைக்க இடம் வேண்டும். எனவே அனுபவம் மிக்கவர்கள் வேறொரு வெளிவட்டை இணைத்துக்கொண்டே இவ்வேலையைத் தொடங்குவர்.

இரண்டாவது வழி, உள்ளிருப்பவரும் வெளியிருப்பவரும் பேசிக்கொள்ள ஒரு மொழியை உண்டாக்கியது. இதற்குத் தூண்டுகோல் மெய்நிகர் இயந்திரம் அன்று, திண்மநிலை வட்டு. அவ்வகை வட்டில் ஒரு கட்டத்தின்மேல் நேரடியாகத் திரும்ப எழுத இயலாது. முதலில் துடைக்க வேண்டும். எந்தக் கட்டங்கள் இனி வேண்டாதவை என்று இயங்குதளம் சொன்னால் வட்டு விரைந்து இயங்கும். இச்செய்தியைச் சொல்லும் ‘டிரிம்’ கட்டளையை 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7 பயன்படுத்தத் தொடங்கியது. 2010 தொடக்கத்தில் வெளிவந்த லினக்ஸ் 2.6.33 கருவகத்திலும் அது வந்தது. பெரிய சேமிப்பகங்கள் பேசும் ஸ்கசி மொழியில் இதற்கு இணையானது ‘அன்மேப்’. திண்மநிலை வட்டுக்காக ஏற்பட்ட இச்சொல்லை மெய்நிகர் வட்டும் கேட்டுக்கொள்ளலாயிற்று. உள்ளிருக்கும் இயங்குதளம் ‘இக்கட்டம் வேண்டாம்’ என்று சொல்ல, தாங்கும் கணினி வட்டுக்கோப்பின் நடுவே அந்தக் கட்டத்தை மட்டும் நீக்கித் துளையிட்டு இடத்தை மீட்டுக்கொள்ளும். லினக்ஸ் கருவகத்தில் கோப்பின் நடுவே துளையிடும் வசதி 2011-இல் வந்த 2.6.38 பதிப்பில் சேர்ந்தது.

மொழி வந்துவிட்டது என்பதால் உரையாடல் உடனே எளிதாகிவிடவில்லை. விஎம்வேர் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட விஸ்பியர் 5.0, இடத்தைத் தானாகவே சேமிப்பகத்துக்குத் திருப்பிக் கொடுக்கும் வசதியுடன் வந்தது. பல சேமிப்பகங்கள் இந்தக் கட்டளையை நிறைவேற்ற நெடுநேரம் எடுத்துக்கொண்டன. மற்ற வேலைகள் தேங்கின. சில மாதங்களிலேயே அந்தத் தானியங்கு வசதி நிறுத்தப்பட்டு, நிருவாகி தம் கையால், பணி குறைந்த நேரத்தில் இடும் கட்டளையாக மாற்றப்பட்டது. 2016-இல் வந்த விஸ்பியர் 6.5 பதிப்பிலேயே அது மெதுவாகப் பின்னணியில் நடைபெறும் தானியங்கு வேலையாக மீண்டும் வந்தது. 2020-இல் பரவலாகக் கிடைத்த விண்டோஸின் லினக்ஸ் துணையமைப்பு இரண்டாம் பதிப்பும் இதே சிக்கலைச் சந்தித்தது. அதன் வட்டுக்கோப்பு வளர்ந்துகொண்டே போக, தானாகச் சுருங்கும் வசதி 2023-இல் சோதனை நிலையில் அறிமுகமானது. பின்னர்த் தரவு சிதைய வாய்ப்புண்டு என்னும் எச்சரிக்கையோடு அது கட்டுப்படுத்தப்பட்டது. 1990களில் பெருங்கணினியினர் எதிர்கொண்ட கேள்வி, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மேசைக் கணினியில் முழுமையாகத் தீரவில்லை.

சோதனையாளர்களின் வட்டை நிறைப்பதில் இன்னொரு பெரும் பங்கு ‘ஸ்னாப்ஷாட்’ எனப்படும் கணநிலைப் பதிவுக்கு உரியது. ஒரு மென்பொருளை நிறுவிப் பார்க்கும் முன் இயந்திரத்தின் நிலையைப் பதிந்து வைத்துக்கொண்டால், சோதனை முடிந்ததும் பழைய நிலைக்கு ஒரு நொடியில் திரும்பலாம். மைக்ரோசாப்ட் 2006-இன் இறுதியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 அடங்கிய மெய்நிகர் இயந்திரத்தை வலைத்தளச் சோதனையாளர்களுக்கு இலவசமாக வழங்கியது. 2013 முதல் பல பதிப்புகளுக்கும் அத்தகைய இயந்திரங்கள் கிடைத்தன. 90 நாளில் அவற்றின் காலம் முடிந்துவிடும் என்பதால், இறக்கியவுடன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுமாறு அந்நிறுவனமே பரிந்துரைத்தது.

ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்திலிருந்து பழைய வட்டுக்கோப்பு மாறாமல் உறைந்துவிடும். அதற்குப்பின் நிகழும் மாற்றங்கள் அனைத்தும் புதியதொரு வேறுபாட்டுக் கோப்பில் எழுதப்படும். இன்னொன்று எடுத்தால் அதன்மேல் மற்றொன்று. இயந்திரத்தின் இன்றைய நிலை இச்சங்கிலியின் எல்லாக் கண்ணிகளிலும் சிதறிக் கிடக்கிறது. ஆகையால் ஸ்னாப்ஷாட்டை முறையாக நீக்குவது என்பது வெறும் அழித்தல் அன்று; வேறுபாட்டுக் கோப்பில் உள்ளவற்றை அடிக்கோப்பில் எழுதி முடித்து, அதன்பின் வேறுபாட்டுக் கோப்பை விடுவித்தல்.

இவ்வரிசைமுறை தமிழ்நாட்டுக் கல்வெட்டியலுக்குப் புதிதன்று. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகள் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. பழங்கல்லின் படி இது என்ற குறிப்பும் சேர்க்கப்பட்டது. படியெடுத்து முடிந்த பின்னரே பழைய கற்கள் கைவிடப்பட்டன. அப்படி எடுக்காமல் கற்களை அகற்றியிருந்தால், முந்தைய அரசர்களின் கொடைகள் பற்றிய செய்தி இன்று இல்லை.

மெய்நிகர் இயந்திரத்தில் வட்டு நிறைந்துவிட்ட பதற்றத்தில், மென்பொருளின் வழியாக அல்லாமல் கோப்புறையைத் திறந்து, பெரிதாகவும் பழையதாகவும் தோன்றும் ஒரு கோப்பை நேரடியாக நீக்குவோர் உண்டு. அது அடிக்கோப்பாக இருந்தால் அதன்மேல் எழுந்த எல்லா நிலைகளும் ஒருங்கே பயனற்றுப் போகும். அது சுவர் நிற்கும்போதே அடித்தளக் கல்லை உருவுவதற்கு ஒப்பானது. ஸ்னாப்ஷாட்டைக் காப்புப்படி என்று எண்ணுவதும் இத்தகைய பிழையே. அது அடிக்கோப்பைச் சார்ந்து வாழ்வது. அடிக்கோப்பு சிதைந்தால் அதுவும் சிதையும். காப்புப்படி என்பது வேறொரு வட்டில், தனித்து நிற்கத்தக்கதாய் இருப்பது.

ஆகவே இடம் மீட்பதில் பயின்றோர் கைக்கொள்ளும் வரிசை இது. எந்தெந்த இயந்திரம், எந்தெந்த ஸ்னாப்ஷாட் எதற்காக உள்ளது என்று முதலில் பட்டியல் எடுத்தல். சோதனைப் பதிவுகள், பிழையறிக்கைகள், இனித் திரும்பக் கிடைக்காத நிறுவுகோப்புகள் ஆகியவற்றை வெளியே படியெடுத்தல். அந்தப் படி வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்தல். பின் ஸ்னாப்ஷாட்டுகளை மென்பொருளின் வழியாகவே இணைத்தல். உள்ளே வேண்டாத கோப்புகளை அழித்து, டிரிம் வசதி இருந்தால் அதன்வழியும், இல்லாவிடில் சுழியம் எழுதியும் காலியிடத்தை வெளிப்படுத்தல். வட்டுக்கோப்பைச் சுருக்குதல். இறுதியாக இயந்திரம் எழுகிறதா என்று சோதித்தல். பூமி திட்டம் தாளேட்டிலிருந்து கணினிக்கு மாறியபோதும், திருக்கோடிக்காவல் செங்கல்லிலிருந்து கல்லுக்கு மாறியபோதும் பின்பற்றப்பட்ட வரிசையோடு இது பொருந்துகிறது: படி, சரிபார்ப்பு, அதன்பின் விடுவிப்பு.

இவ்வரிசையின் தேவை முன்னைவிட இன்று மிகுதி. சுழியம் எழுதாத, டிரிம் இல்லாத காலத்தில், அழித்த கோப்பின் உள்ளடக்கம் வட்டிலேயே கிடந்தது. இடம் வீணானாலும், தவறாக அழித்ததை மீட்கும் கருவிகளுக்கு வேலை இருந்தது. உள்ளிருப்பவரின் சொல்லைக் கேட்டு உடனுக்குடன் இடத்தை ஒப்படைக்கும் அமைப்பில், அழித்தலுக்கும் ஒப்படைத்தலுக்கும் இடையிலிருந்த அந்தக் காலவெளி குறுகிவிட்டது. வட்டிடத்துக்கு அது ஆதாயம். தவறு திருத்திக்கொள்ள இருந்த அவகாசத்துக்கு அது இழப்பு.

இழப்பின் அளவு என்ன என்பதை மீண்டும் நம் மொழிகளைக் கொண்டே உணரலாம். 1990களின் தனித்த குறியேற்றம் ஒன்றில் எழுதப்பட்ட சிற்றிதழின் கோப்புகள் ஒருவரிடம் இருக்கின்றன என்று கொள்வோம். அவற்றைப் படிக்கும் எழுத்துருவும் விசைப்பலகை மென்பொருளும் விண்டோஸ் 98 ஓடும் ஒரு பழைய மெய்நிகர் இயந்திரத்தில் மட்டுமே எஞ்சியிருக்கலாம். அந்த இயந்திரம் சோதனைக்கென்று அமைக்கப்பட்டது. சோதனை முடிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. வட்டைத் துப்புரவு செய்பவர் கண்ணுக்கு அது 2 ஜிகாபைட் பழங்கோப்பு. ஆனால் அந்த எழுத்துரு இன்றி அச்சிற்றிதழ் வெறும் குறிகளின் குவியல். மறுபுறம், எதையும் விடுவிக்க அஞ்சி எல்லாவற்றையும் வைத்திருப்பவர் வட்டு நிறைந்து, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரமும் நின்று, இருப்பதையும் இழக்கக்கூடும். பேணுதலும் விடுவித்தலும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. எது எதற்காக இருக்கிறது என்ற பட்டியல் இல்லாதபோது மட்டுமே அவை பகையாகின்றன.

நஞ்சன்கூட்டு வட்டத்தின் கல்வெட்டுகளை ரைஸ் நூலாக்கிய பின்னும் கற்கள் அவ்விடங்களிலேயே நின்றன. அதனால் பின்வந்த மைசூர்ப் பல்கலைக்கழகத்தார் தொகுதிகளைத் திருத்திய பதிப்பாக வெளியிட முற்பட்டபோது, மூலத்தை மீண்டும் பார்க்கும் வாய்ப்பு இருந்தது. வட்டில் எழுதப்பட்டவற்றுக்கு அந்த வாய்ப்பு இயல்பாக வாய்ப்பதில்லை. அங்கே, கட்டத்தை ஒப்படைத்த பின் திரும்பிப் பார்க்க மூலம் இராது. அதனால் ஒப்படைக்கும் முன் படியெடுத்தாயிற்றா, அப்படி திறக்கிறதா என்று பார்த்துக்கொள்வது, வட்டிடம் மீட்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை.